இறக்கையில் போட வேண்டிய ஒரு துளை

என் வயதுக்காரர்களே, மாடிப்படி ஏறும்போது கை தானாகச் சுவரைத் தேடுகிறவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். எங்கள் வேர்க்கடலைக் களத்தில் ஒரு பங்குனி மாதம் விமானம் நின்றது. பிள்ளைகளிடம் சொன்னால் போட்டோ எங்கே என்கிறார்கள். போட்டோ இல்லை. எடுத்தவர் ஃபிலிம் சுருளோடு தன் நாட்டுக்குப் போய்விட்டார். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கன்னம், ஒரு வாசனை, கொஞ்சம் நீலத் தண்ணீர்.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் ரோட்டில், ஊர் முடிந்து கடலைக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில் அப்பா கடலை உடைக்கும் மெஷின் வைத்திருந்தார். ஒரு தகர ஷெட், முன்னால் சிமெண்டுக் களம், களத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரம், பின்னால் எங்கள் வீடு. அதற்கு முன் இருபது வருஷம் அவர் விமானப்படையில் ஃபிட்டர். இறக்கைகளைப் பூட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை. ஊர் அவரை மிலிட்டரிக்காரர் என்றது. எத்தனை வாட்டி பறந்திருக்கீங்க என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும். “ஒரே வாட்டி. சாமான் ஏத்தற விமானம், ஜன்னல் கிடையாது. மூட்டை மேல உக்காந்து போனேன். லாரியில போனா மாதிரிதான்.”

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். மலையைப் பார்க்க வந்து, திரும்பிப் போக மறந்தவர்களில் ஒருவர். தன் நாட்டில் விமானம் ஓட்ட உரிமம் வைத்திருந்தவர் என்பது யாருக்கும் தெரியாது. ஒருநாள் அவருடைய மோட்டார் சைக்கிள் எங்கள் ஷெட் எதிரே நின்றுபோனது. அப்பா அதைக் கழற்றிப் பூட்டிய விதத்தை அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். அப்பாவின் ஆங்கிலம் பாதி இந்தி, அவருடைய தமிழ் பாதி சைகை. அன்று மாலை வரை விமானத்தைப் பற்றியே பேசினார்கள். எட்டு மாதம் கழித்து மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஒரு லாரி வந்தது. அதில் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. பெட்டி அவருடையது, கைகள் அப்பாவுடையவை.

ஆணியைப் பிடுங்கிப் பலகையைத் தூக்கியபோது வந்த வாசனையை இன்றுவரை வேறெங்கும் நான் முகரவில்லை. குங்கிலியத்தை எரிக்காமல் முகர்ந்தால் வருவது போல ஒன்று, கூடவே மெஷின் எண்ணெய், கூடவே பழுப்புக் காகிதம். உள்ளே விமானம் இல்லை. தகடுகள், மீன் முள்ளைப் போன்ற விலா எலும்புகள், கடுகுப் பொட்டலம் மாதிரி ஆயிரக்கணக்கான ரிவெட் ஆணிகள், ஒரு தடித்த புத்தகம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்பாவோ ஒரு தகட்டைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு மனிதர் அழுக்கில்லாத தகட்டை அப்படித் துடைப்பதை அன்றுதான் பார்த்தேன். ஏன் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். பனி என்றார். மார்கழிதான், ஆனால் மணி பதினொன்று.

மார்கழியில் தொடங்கி மாசிவரை டக் டக் என்று ரிவெட் அடித்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மருந்து தெளிக்கிற மெஷின் என்று ஒருவர், சினிமாவுக்கு செட் என்று ஒருவர். வெள்ளைக்காரர் மலையை மேலிருந்தே சுற்றப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியபோது பால் ஊற்றுகிறவர் அப்பாவிடம் உண்மையான சந்தேகம் கேட்டார்: “மேலாலயே கிரிவலம் போனா செருப்பு போட்டுக்கலாமாங்க?” அப்பா யோசித்துவிட்டு, வேண்டாம், கழட்டிடறதுதான் நல்லது என்றார். அனுமதிக் காகிதங்களுக்காக இருவரும் அலைந்த கதை தனி. கடைசியில் மெட்ராஸிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து பார்த்து, இறக்கை சரி என்று கையெழுத்துப் போட்டால் பறக்கலாம் என்று முடிந்தது. இருக்கை இரண்டு. ஓட்டுகிறவர் வெள்ளைக்காரர். இரண்டாவதில் யார் என்று யாரும் கேட்கவில்லை, அப்பா சொல்லவும் இல்லை. ஆனால் அந்த இருக்கையின் வாரை அவர் தன் இடுப்புக்கு அளவாகத் தைத்துவைத்திருந்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

இறக்கைகளைப் பூட்டும் நாள் வந்தது. ஷெட்டுக்குள் இரண்டையும் பூட்டினால் வெளியே வராது. அதனால் விமானத்தின் உடம்பைக் களத்துக்குத் தள்ளி, முட்டுக்கட்டைகள் மேல் மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். மலைக்கு வாலைக் காட்டி நிறுத்தக்கூடாது என்று அம்மா சொன்னதால் மூக்கு மேற்கே மலையைப் பார்த்தது, வால் கிழக்கே வெயில் வரும் பக்கம். அது நின்ற விதத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வலது இறக்கை திறந்த வெளியில், இடது இறக்கை வேப்பமர நிழலில்.

இறக்கைகளைத் தூக்கி வைக்க, கோயிலில் சாமி தூக்குகிற ஆட்கள் நான்கு பேரை அப்பாவுக்குப் பழக்கமான கொத்தனார் மேஸ்திரி ஒருவர் கூட்டிவந்தார். உற்சவ வாகனம் சுமந்து தடித்த தோள்கள். ஷெட்டிலிருந்து களத்துக்கு இருபது அடிதான். அந்த இருபது அடியை நேராக நடக்க அவர்களுக்குத் தெரியவில்லை. முன்னே இரண்டு எட்டு, பின்னே ஒன்று, இடுப்பை ஒடித்து ஓர் ஆட்டம். பன்னிரண்டடி இறக்கை அவர்கள் தோளில் தளும்பியது. வெள்ளைக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, டான்ஸ் வேண்டாம், டான்ஸ் வேண்டாம் என்று கெஞ்சினார். முன்னால் தூக்கியவர் திரும்பாமலே சொன்னார்: “ஆட்டிதான் சார் தூக்கணும். ஆட்டாம தூக்கினா பொணம் தூக்கறா மாதிரி ஆயிடும்.”

இப்போது அந்தத் துளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இறக்கையின் முன்பக்கத்தை உடம்போடு பூட்டும் போல்ட்டுகளுக்குத் துளை போட்டே வந்திருந்தது. பின்பக்கத்துக்கு இல்லை. அதை நாம்தான் போடவேண்டும். பின்னோரத்தை ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு ஏற்றவும் இறக்கவும் முடியும். இரண்டு இறக்கையின் பின்னோரமும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். நின்றபின் பக்கத்துக்கு ஒரு துளை, ஒரு போல்ட், அவ்வளவுதான். பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விளையாடியிருக்கிறீர்கள் அல்லவா, உள்ளங்கையைச் சற்றுத் திருப்பினால் காற்று கையைத் தூக்கும். ஓர் இறக்கை அப்படித் திரும்பியிருந்தால் விமானம் மறுபக்கமாகப் புரண்டுகொண்டே இருக்கும். தவறான இடத்தில் துளை விழுந்தால் அடைக்க முடியாது. வேறு இறக்கையும் வராது. இதை அப்பா எங்களுக்கு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து விளக்கினார். அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் நிபந்தனையைச் சொன்னாள். நல்ல நேரத்தில் துளை போட்டால் அவர் ஏறலாம். இல்லையென்றால் வெள்ளைக்காரர் மட்டும் போகட்டும். இருபது வருஷம் எந்த நேரத்திலும் போல்ட் முறுக்கிய மனிதர் சரி என்று தலையாட்டினார்.

காலண்டர்படி வெள்ளிக்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். நான் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. ஏழாவது படித்தேன்.

உயரம் பார்க்க மேஸ்திரியின் டியூப் மட்டம். கட்டடம் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கண்ணாடி மாதிரியான ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். இந்த முனையில் எந்த உயரமோ அந்த முனையிலும் அதே உயரம். தண்ணீர் தெரிவதற்காகச் சொட்டு நீலம் கலந்திருந்தார்கள். குழாய் நீளம் போதாமல் இரண்டு துண்டை நடுவில் ஒரு சின்னக் குழலால் இணைத்து சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டியிருந்தது. வாயால் உறிஞ்சி நிரப்பியதில் மேஸ்திரியின் பல்லெல்லாம் நீலம். வலது இறக்கையின் பின்னோரத்தில் ஒரு முனையை நான் பிடித்தேன், இடதில் வெள்ளைக்காரர். அப்பா நடுவே. விடிந்து வெயில் வருவதற்குள் இரண்டு பக்கமும் இறக்கையில் போட்ட பென்சில் கோட்டில் தண்ணீர் மயிரிழை பிசகாமல் நின்றது. அப்பா கிளாம்ப் போட்டு இறுக்கினார். துளை மட்டும் பாக்கி. நேரத்துக்காகக் காத்திருந்தோம். இட்லி வந்தது. குழாயை அப்படியே இறக்கைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

ஒன்பதே காலுக்கு அம்மா கற்பூரம் காட்டினாள். அப்பா கை ட்ரில்லை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். என் பக்கத்துத் தண்ணீர் கோட்டுக்கு மேலே, ஒரு பென்சில் பருமன் மேலே நின்றது.

“தண்ணி ஏறிடுச்சுப்பா.”

தண்ணி ஏறாது, நீதான் டியூபைத் தூக்குகிறாய் என்றார். டியூபைத் தூக்கினாலும் தண்ணீர் அதே இடத்தில்தான் நிற்கும் என்று நீங்கள்தானே காலையில் சொன்னீர்கள் என்றேன். மேஸ்திரி சிரித்துவிட்டார். அதுதான் தப்பாகப்போயிற்று. அப்பா என்னை நகரச் சொல்லி, குழாயை மேஸ்திரி கையில் கொடுத்தார். மேஸ்திரி பிடித்தும் தண்ணீர் மேலேதான். அப்படியானால் கிளாம்ப் வழுக்கி இறக்கை இறங்கியிருக்கிறது என்று அப்பா முடிவுகட்டினார். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு வலது பின்னோரத்தை ஒரு பென்சில் பருமன் ஏற்றி மறுபடி இறுக்கினார்.

நான் ஓரமாக நின்று மேஸ்திரியைப் பார்த்தேன். அகலமான மனிதர். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவருடைய நிழல் குழாய்மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் சொன்னார்: “மிலிட்டரிக்காரரே, இப்ப தண்ணி ஒரு அரிசி அளவு எறங்குதே.” அப்பா திரும்ப வந்தார். முட்டுக்கட்டை அமுங்குகிறது என்று வெள்ளைக்காரர். இறக்கை நிற்கவில்லை என்று அப்பா. மணி ஆகுது என்று அம்மா. பத்தரைக்கு ராகு காலம். மூன்று பேரும் மூன்று இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குழாயை யாரும் பார்க்கவில்லை.

ஏறின தண்ணீர் ஏன் இறங்கியது? நிழலா? அடுப்பேற்றிய பானையில் தண்ணீர் சூடாகி மேலேறுகிற மாதிரியா? தண்ணீரை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். யாருக்கும் காது இல்லை. இன்னொரு வாட்டி கேட்டேன். அப்பா ட்ரில்லின் முனையை இறக்கையில் வைத்தார். பிடியைச் சுற்றவேண்டியதுதான் பாக்கி.

நான் களத்தின் நடுவுக்குப் போய், குனிந்து, சைக்கிள் ரப்பரைப் பிடுங்கி, குழாயை இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

நீலத் தண்ணீர் சிமெண்டில் ஓடியது. சூடான சிமெண்டில் அது ஓடிய வேகமும், ஓரம் உடனே காய்ந்ததும் நினைவிருக்கிறது. அப்புறம் அப்பாவின் கை. அதற்கு முன்னும் அவர் என்னை அடித்ததில்லை, பின்னும் இல்லை. அம்மா ஓடிவந்து என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, குழந்தை பயந்துபோய்ப் பண்ணியிருக்குது, நீங்க மேல போறது அதுக்குப் பிடிக்கல என்றாள். சாமி தூக்குகிற நால்வரும் வேப்பமரத்தடியில் ஆமாம் ஆமாம் என்றார்கள். பொம்பளப் பிள்ளைன்னா அப்பன்மேல பாசம் ஜாஸ்திதான் என்றார் ஒருவர்.

நண்பர்களே, அந்தப் பெயரை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பல வருஷம் உறவுக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினார்கள். இன்று ஒத்துக்கொள்கிறேன். அப்பா மேலே போவதில் எனக்குப் பயமே இல்லை. விழுவார் என்ற நினைப்பே வரவில்லை. புதுத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்க்கவேண்டியிருந்தது. அவ்வளவுதான். பாசத்தைவிடப் பெரிய ஒன்று அப்போது என்னைப் பிடித்திருந்தது, அதற்கு எங்கள் வீட்டில் பெயர் இல்லை.

அப்பா, சீக்கிரம் நிரப்பு என்றார். மேஸ்திரி கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து, நீலம் சொட்டி, மறுபடி உறிஞ்சி நிரப்பினார். காற்றுக்குமிழி இல்லாமல் தட்டித் தட்டி விட்டார். இரண்டு முனையும் பழைய இடத்துக்குப் போயின. இந்தமுறை அப்பாவே வலது பக்கம் பிடித்தார். தண்ணீர் ஆடி, அடங்கி, நின்றது.

கோட்டுக்கு ஒரு பென்சில் பருமன் கீழே.

அதாவது அப்பா எவ்வளவு ஏற்றினாரோ அவ்வளவு. விடியலில் இருந்ததுதான் சரி. வெள்ளைக்காரர் தன் முனையைக் கட்டிவிட்டு வந்து அப்பா பக்கத்துக் குழாயைத் தொட்டார், பிறகு போய்த் தன் பக்கத்தைத் தொட்டார், திரும்ப வந்து தொட்டார். அண்ணாந்து பார்த்து, தனக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் ஒன்றைச் சொன்னார்: “சூரியன்.”

மேஸ்திரி தன் நிழல் குழாய்மேல் விழாதபடி விலகி நின்றார். அப்பா மண்டியிட்டார். வெள்ளைக்காரர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அம்மா கற்பூரத் தட்டோடு குனிந்தாள். வேப்பமரத்தடியிலிருந்து நால்வரும் வந்துவிட்டார்கள். வெயிலில் அந்த நீலம், நீங்கள் நம்பவேண்டும், அவ்வளவு பேர் கண்ணெதிரே, நகர்வது தெரியாமல் நகர்ந்து, கோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தேன். சூடான பக்கத்துத் தண்ணீர் லேசாகி உயர்ந்து நிற்கும் என்று பின்னால் எட்டாம் வகுப்பில் படித்தபோது எனக்குச் சப்பென்றிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தது பெரிய விஷயமாக இருந்தது.

அப்பா வலது கிளாம்பைத் தளர்த்திப் பின்னோரத்தைக் கீழே விட்டார். ட்ரில்லைத் தரையில் வைத்தார்.

“இன்னும் எட்டு நிமிஷம் இருக்குதுங்க,” என்றாள் அம்மா.

“வெயில்ல எத நம்பிப் போடறது? எனக்கு விடிகாலையில வேணும்.”

“அப்ப நேரம்?”

அப்பா குனிந்து கிளாம்பை மறுபடி இறுக்கினார். அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் இல்லையென்று ஆகிவிட்டது. தட்டை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். இனி அந்த இரண்டாவது இருக்கை காலிதான் என்று எல்லோருக்கும் புரிந்தது. சாமி தூக்குகிறவர்கள் துண்டை உதறிக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். உள்ளே காலண்டர் தாள்கள் புரளும் சத்தம். நீண்ட நேரம் புரண்டது. பிறகு அவள் வாசலில் வந்து நின்று, அப்பாவைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“திங்கக்கிழம ஆறே கால்ல இருந்து ஏழே கால் வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள வெயில் ஏறாது இல்ல?”

அன்று எனக்கு அது காலண்டர் பைத்தியமாகப்பட்டது. அம்மா கிடக்கிறாள், தண்ணீர் விஷயம் அவளுக்கு எங்கே புரியும் என்று நினைத்தேன். இந்த வயதில்தான் தெரிகிறது. களத்தில் நின்ற அத்தனை ஆண்களிலும் ஒருவரும் இரண்டு அளவையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். தன் நேரத்தை விட்டுக்கொடுக்காமல் அப்பாவின் வெயிலுக்கும் இடம் கண்டுபிடித்தாள். இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால், போடி, வேலையைப் பாரு என்றிருப்பாள்.

மூன்று நாள் அப்பாவும் நானும் பேசவில்லை. இறக்கைகள் கிளாம்பில் நின்றன. ராத்திரிக்கு அவற்றின்மேல் கடலை மூடும் தார்ப்பாயைப் போர்த்தினார்கள். திங்கட்கிழமை இருள் பிரியும்போது அப்பா என்னை எழுப்பினார். வலது முனையை என் கையில் கொடுத்து, நீயே பிடி என்றார். மேஸ்திரி பக்கத்தில் நின்றுகொண்டு, பாப்பா சொன்னாத்தான் சுத்தணும் மிலிட்டரிக்காரரே, இல்லன்னா மறுபடி புடுங்கிடும் என்றார். நான் கோட்டையும் தண்ணீரையும் பார்த்தேன். இரண்டும் ஒன்று. சரி என்றேன். அப்பா பிடியைச் சுற்றினார். சுருள் சுருளாக, வெள்ளி மயிர் மாதிரி, தகடு உதிர்ந்தது. ஒன்றை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தேன். எந்த வீடு மாறும்போது அது தொலைந்தது என்று தெரியவில்லை.

எஞ்சினியர் வந்தார், பார்த்தார், இறக்கையின் கீழே படுத்துக்கூடப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சித்திரையில் ஊர் ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. இறக்கைகளைக் கழற்றி டிராக்டரில் கொண்டுபோய், ஏரிக்குள் மறுபடி அதே துளைகளில் பூட்டினார்கள். மேடு பள்ளம் தட்டி, ஓட ஒரு நேர்ப்பாதை. கரை முழுக்கச் சனம். அப்பா செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு ஏறினார். புழுதி, சத்தம், பிறகு புழுதிக்கு அந்தப் பக்கம் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. அது ஒரு கொக்கு அளவு ஆகி, ஈ அளவு ஆகி, மலைப்பக்கம் போய், வெகுநேரம் காணாமல் இருந்து, திரும்பி வந்தது.

அந்த விமானம் அடுத்த வருஷமே போய்விட்டது. வெள்ளைக்காரர் உடம்புக்கு முடியாமல் ஊருக்குத் திரும்பும்போது, பெங்களூரிலிருந்து யாரோ வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று எந்த ஷெட்டில் இருக்கிறதோ.

இறங்கி வந்த அப்பாவைச் சனம் மொய்த்துக்கொண்டது. மேலேயிருந்து கோபுரம் எப்படி இருந்தது, பயமாக இருந்ததா, வாந்தி வந்ததா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் புழுதி. என் உயரத்துக்குக் குனிந்தார்.

“மேல போய் அவரு ரெண்டு கையையும் விட்டுட்டாரு. புடிய தொடவே இல்ல. ஒரு பக்கமும் சாயல. நேரா போச்சு.”

அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் அப்போது நினைக்கவில்லை. எனக்கு வேறொன்று தெரியவேண்டியிருந்தது.

“எவ்ளோ நேரம்பா?”

“எண்ணினேன். நாப்பது வரைக்கும்.”

“அதுக்கு அப்புறம்?”

அப்பா ஏரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வாழ்நாளெல்லாம் அளந்துகொண்டே இருந்த அந்த மனிதர் கூச்சத்தோடு சிரித்தார்.

“அப்புறம் எண்ண மறந்துட்டேன்.”